அக்கரையில் பிள்ளை இல்லாதவர்கள்

எண்பதுகளின் நடுவில், ஆம்பூரில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து ஒரு உலகத்தை உண்டாக்கினோம். இப்போது யாரிடமாவது சொன்னால், நான் ஏதோ கதை விடுவதாக நினைக்கிறார்கள்.

என் கணவர் ஒரு தோல் பதனிடும் கம்பெனியின் லேபில் கெமிஸ்டாக இருந்தார். அதே முதலாளிக்கு ஷூ கம்பெனியும் உண்டு. அங்கே கட்டிங் செக்ஷன் சூப்பர்வைசர் என் கணவரின் சிநேகிதர். ஐந்து பிள்ளைகளுக்கு அப்பா. என்னை 'பாபி' என்று கூப்பிடுவார். அண்ணியை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். என் கணவர் அவரை 'பாய்' என்பார், அவர் என் கணவரை 'தோஸ்த்' என்பார்.

அந்த ஷூ கம்பெனியில் ஒரு மெஷின் மாட்ட இங்கிலாந்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தான். இரண்டு வாரத்தில் முடிய வேண்டிய வேலை. ஏதோ ஒரு பாகம் கப்பலில் வரத் தாமதமாகி, மூன்று மாதம் கெஸ்ட் ஹவுசிலேயே கிடந்தான். பொழுது போகாமல் இவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தான். ஊருக்குத் திரும்பும்போது அந்த விளையாட்டின் விதிப் புத்தகத்தையும் பகடைகளையும் என் கணவரிடமே விட்டுவிட்டுப் போனான். அதில் ஒரு பகடைக்கு இருபது முகம். எங்கள் ஊரில் அப்படி ஒன்றை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

விளையாட்டு இவ்வளவுதான். ஒருவர் நடுவர். தூரத்தில், ஏதோ ஒரு நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு உலகத்தில் என்ன நடக்கிறது என்று அவர் சொல்வார். மற்றவர்கள் அந்த உலகத்தில் ஆளுக்கொரு மனிதராக இருந்து, அவர்களாகவே பேச வேண்டும். சந்தேகம் வந்தால் பகடை முடிவு செய்யும். ஜெயிப்பதும் இல்லை, தோற்பதும் இல்லை. விட்ட இடத்திலிருந்து வாராவாரம் தொடரலாம்.

"இது இன்னா விளையாட்டு? பேசிக்கிட்டே இருக்கீங்க," என்று முதல் நாள் நான் கேட்டேன்.

"அதான் விளையாட்டு பாபி. நீங்களும் உக்காருங்க," என்றார் சிநேகிதர்.

நாலாவது ஆளாகப் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்கா வந்து சேர்ந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், நாற்பது தாண்டியவர். ஊருக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் வேலை. அந்த உலகத்தில் என்னவாக இருக்கிறீர்கள், டாக்டராகவா என்று என் கணவர் கேட்டதற்கு, "அங்கயும் போயி ஊசி போடணுமா? என்னால ஆகாது. நான் கள்ளக் கடத்தல் பண்றேன்," என்று சொல்லிவிட்டார். என் கணவர்தான் நடுவர். சிநேகிதர் கப்பல் ஓட்டுபவர். நிஜத்தில் நான் ஸ்கூல் டீச்சர். அங்கே என்ன ஆவது என்றே தெரியவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்து மூன்று மணிக்கு உட்காருவோம். சிநேகிதர் வீட்டிலிருந்து சில நாள் பிரியாணி வரும், சில நாள் மக்கன் பேடா என்று ஒரு இனிப்பு வரும். எங்கள் ஜன்னலைத் திறந்தால் தெரு முடிவில் பாலாற்று மணல் தெரியும். அந்த உலகத்துக்கு என்ன பேர் வைப்பது என்று வந்தபோது, நர்ஸ் அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு "அக்கரை" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. தண்ணீர் அரிதாகக் கிடைக்கும், மணல் ஜாஸ்தியாக இருக்கும் ஒரு உலகம்.

அந்தச் சமயத்தில் எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாகிவிட்டது. இரண்டு பேரிடமும் குறை ஒன்றும் இல்லை, காலம் இருக்கிறது என்றார்கள். காலம் போய்க்கொண்டிருந்தது. சர்ச்சில் யார் வீட்டு வளைகாப்பு என்றாலும் என்னைக் கூப்பிடுவார்கள். வளையல் போட வரிசையில் போகும்போது என் முறை வந்தால், யாராவது ஒருத்தி என் கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து, "டீச்சர், நீங்க இதைப் பாத்துக்கோங்க," என்பாள். பேச்சு அன்பாகத்தான் இருக்கும். ஸ்டாஃப் ரூமில் பிள்ளைகளின் காய்ச்சல், பல் முளைத்தது என்று பேசிக்கொண்டிருப்பவர்கள் நான் நுழைந்ததும் புடவை விலையைப் பேச ஆரம்பிப்பார்கள். இதைப் பற்றியெல்லாம் நானும் என் கணவரும் பேசுவதை எப்போதோ நிறுத்திவிட்டோம். சண்டை கிடையாது. பேச்சு கிடையாது, அவ்வளவுதான். இயல்பாகவே அவர் பேச்சு கம்மி.

புத்தகத்தில் ஒரு அத்தியாயம், ஒரு உலகத்தின் ஜனங்களுக்கு என்னென்ன வழக்கம், என்னென்ன அமைப்பு என்று முடிவு செய்வதைப் பற்றியது. யார் ஆளுகிறார்கள், சட்டம் எப்படி, அந்நியர்களை எப்படி நடத்துகிறார்கள், செத்தவர்களை என்ன செய்கிறார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டியல். பகடையை உருட்டி, வருகிற எண்ணுக்கு நேரே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அது ஏன் அப்படி என்ற காரணத்தை நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கரைக்காக அந்தப் பட்டியல்களை வரிசையாக உருட்டிக்கொண்டு வந்தோம். அடுத்த கேள்வி, அந்த ஜனங்கள் எந்த வகை மனிதர்களைத் தனியாக வைத்துப் பார்க்கிறார்கள் என்பது. என் கணவர் பகடையை உருட்டினார். புத்தகத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளை இல்லாதவங்க," என்றார்.

நர்ஸ் அக்கா மேசைத் துணியின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்பதற்கு இன்னொரு தடவை உருட்டினார்.

"ரொம்ப மரியாதை. எல்லாரையும் விட ஜாஸ்தி."

"இன்னா தோஸ்த், இப்படியெல்லாமா போட்டிருக்கான் வெள்ளைக்காரன்?" என்றார் சிநேகிதர்.

"போட்டிருக்கான். ஏன் மரியாதைன்னு நாமதான் சொல்லணும்."

டீ போடுகிறேன் என்று நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அடுப்பை மூட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தேன். நர்ஸ் அக்காவின் குரல் கேட்டது. "மொதல்ல வந்த கப்பல்ல தண்ணி கம்மி. புள்ள இருக்கறவ ஒரு டம்ளர் கூட எடுத்து தன் புள்ளைக்குத்தானே குடுப்பா? அதான், தொட்டிச் சாவிய புள்ள இல்லாதவங்க கையில குடுத்துட்டாங்க. அவங்கதான் எல்லாருக்கும் ஒரே அளவா ஊத்துவாங்கன்னு."

"அப்ப அஞ்சு பெத்த என்னை நம்ப மாட்டீங்களா சிஸ்டர்?"

"உங்களை நம்பினா ஊரே தாகத்துல சாவும்."

அவர்கள் சிரித்தார்கள். நான் டீயோடு வெளியே வந்து, டம்ளர்களை வைத்துவிட்டு, "தீர்ப்பு சொல்றவங்களும் அவங்களாத்தான் இருக்கணும்," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. என் கணவர் நிமிர்ந்து பார்த்து, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார். அப்படித்தான் நான் அக்கரையின் தீர்ப்பாளர் ஆனேன்.

அடுத்த சில மாதங்கள் போல நான் சிரித்த காலம் என் வாழ்க்கையில் குறைவு. அக்கரையில் ஒரு பெண் கர்ப்பமானால் அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வருவார்கள். "மனசைத் தளர விடாதே, யாருக்கும் நடக்கறதுதான்" என்பார்கள். கல்யாணத்தில் பெரியவர்கள் "ரெண்டு பேரும் ரெண்டு பேராவே இருங்க" என்று ஆசீர்வதிப்பார்கள். பிள்ளை பெற்றவள் தீர்ப்பு மண்டபத்துக்கு வந்தால், கையில் பன்னீர்ச் செம்பைக் கொடுத்து ஓரமாக நிற்கச் சொல்வார்கள். இது நான் சேர்த்தது. மற்றவர்கள் சிரித்தார்கள். என் கணவர் சிரிக்கவில்லை. அந்தச் செம்பைப் பற்றி நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

தீர்ப்பாளர் தெருவில் நடந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். தீர்ப்பாளருக்கே பிள்ளை பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று சிநேகிதர் ஒரு நாள் கேட்டார். சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், மறுபடி வாங்கவே முடியாது என்று முடிவு செய்தோம்.

ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு. அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் புத்தகம் கையில் வந்தது. அதுவரை நான் அதைத் திறந்ததில்லை. நடுவர் மட்டும்தான் பார்க்கலாம் என்று ஒரு பேச்சு. அன்று திறந்து, அந்தப் பட்டியலைத் தேடிப் பார்த்தேன். பிரபுக்கள், சிப்பாய்கள், வயதானவர்கள், அந்நியர்கள், நோயாளிகள் என்று போனது. மேலிருந்து கீழாக இரண்டு தடவை விரல் வைத்துப் படித்தேன். பிள்ளை இல்லாதவர்கள் என்று ஒரு வரி அதில் இல்லை.

துடைக்கும் துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. என் மீது இரக்கப்பட்டு எனக்கு ஒரு சொப்பு வைத்துக் கொடுத்திருக்கிறாரா? பிறகு அந்தக் கொஞ்ச நேரம் நினைவுக்கு வந்தது. பகடையை உருட்டிவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாரே, அந்த நேரத்தில் அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று நினைத்தேன்.

சாயந்திரம் அவர் வேலை முடிந்து, கையில் சுண்ணாம்பு வாடையோடு வந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத வாடை. நான் சூடாகப் பக்கோடா போட்டு வைத்திருந்தேன்.

"இன்னா விசேஷம்?"

"மழை," என்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நடுவர் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். ஒரு கப்பல் அக்கரையில் வந்து விழுகிறது. உள்ளே எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள். ஒரு பெண் குழந்தை மட்டும் உயிரோடு இருக்கிறது. அதை யாரிடம் கொடுப்பது? தீர்ப்பாளர் சொல்ல வேண்டும். சிநேகிதர், ஏற்கெனவே பிள்ளை இருக்கும் ஒரு நல்ல குடும்பத்தின் பேரைச் சொன்னார். நர்ஸ் அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எடுத்துக்கறேன்," என்றேன்.

"தீர்ப்பாளர் எடுத்துக்க முடியாது. சாவியைக் குடுத்துடணும்," என்றார் என் கணவர்.

"குடுத்துடறேன்."

"அக்கரைக் கணக்குல இருபது வருஷமா வச்சிருக்கற சாவி. இனிமே ஊர்ல யாரும் உனக்காக எழுந்து நிக்க மாட்டாங்க."

"நிக்க வேணாம். கொழந்தையக் குடுங்க."

அவர் பகடையைக் கையில் எடுக்கவே இல்லை. நோட்டை மூடி, "இன்னிக்குப் போதும்," என்றார். சிநேகிதர் செருப்பை மாட்டிக்கொண்டு மெதுவாகப் போய்விட்டார். நர்ஸ் அக்கா போகும்போது என் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனார்.

டம்ளர்களை என் கணவர்தான் கழுவினார். திரும்பிப் பார்க்காமலே, "நீ சாவிய வச்சுக்குவேன்னு நெனச்சேன்," என்றார்.

"புஸ்தகத்துல அந்த வரி இல்லீங்க. நான் பாத்துட்டேன்."

அவர் இன்னொரு டம்ளரை எடுத்துக் கழுவினார். "நீ உள்ள வந்தா எல்லாரும் எழுந்து நிக்கற மாதிரி ஒரு எடம் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. இங்க அதைச் செய்ய எனக்குத் தெரியல," என்றார்.

அன்று நாங்கள் பேசினோம். ஒன்பது வருஷத்தில் பேசாததில் பாதியாவது பேசியிருப்போம்.

அது நடந்து ஒரு மாதம் இருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது நர்ஸ் அக்கா யூனிஃபார்மோடு வந்தார். "டீச்சர், உக்காருங்க, ஒண்ணு சொல்லணும்," என்றார். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது, பிறந்து பத்தொன்பது நாள் ஆகிறது, பெற்றவள் சொல்லாமல் போய்விட்டாள், தெரிந்த குடும்பமாக இருந்தால் முதலில் கேட்டுச் சொல்லும்படி பெரிய சிஸ்டர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, "நீங்க அன்னிக்கு விளையாட்டுல சொன்னதை வச்சு வரல. ஆனா அதனாலதான் வந்தேன்," என்றார். அந்தப் பேச்சின் குழப்பம் எனக்கு நன்றாகவே புரிந்தது.

மறுநாள் நாங்கள் இரண்டு பேரும் போனோம். வார்டின் கடைசியில் ஒரு சின்ன அறை. அக்கா குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். இரண்டு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். தலை முடி ஒரு பக்கமாக ஒட்டியிருந்தது. கொட்டாவி விட்டது. இடது கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. என் கணவர் குனிந்து, அதன் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டார். உடனே அந்த விரலை எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். கையில் வாடை இருக்கிறதோ என்று.

"தூக்கிட்டுப் போயிடலாமா?" என்று என்னைக் கேட்டார். அவர் அப்படி அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

நான் சொன்னது இதுதான். எழுதுவதற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "ஒரு வாரம் டைம் குடுங்கக்கா. காலாண்டுப் பரீட்சை பேப்பர் திருத்தணும்."

அக்கா என்னைப் பார்த்தார். என் கணவரும் பார்த்தார். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வியாழக்கிழமை பஸ் பிடித்துக் குடியாத்தம் போய் அம்மாவிடம் சொன்னேன். யார் பெற்றதோ, எந்த ஜாதியோ என்று அம்மா கேட்பாள், தடுப்பாள் என்று நினைத்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எடுத்துக்கோடி. இதுக்கு எதுக்கு இங்க வந்து நிக்கற? நேரா அங்கயே போயிருக்கலாமே," என்றாள். அவள் தடுத்திருந்தால் இத்தனை வருஷம் பழியை அவள்மேல் போட்டிருப்பேன். அவள் எனக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை.

பயந்தவள் நான்தான். எதற்கு என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஒன்பது வருஷம் ஒன்றுக்காக ஏங்கி ஏங்கி, ஏங்குகிறவளாகவே இருக்கப் பழகிவிட்டேனோ என்னவோ. அது கையில் வந்து உட்கார்ந்ததும், நான் யார் என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. வெள்ளியும் சனியும் நிஜமாகவே உட்கார்ந்து பேப்பர் திருத்தினேன். சனிக்கிழமை மதியம் கடைசிக் கட்டை முடித்துவிட்டு, பழைய புடவை இரண்டைக் கிழித்துத் துவைத்துக் காயப் போட்டேன். திங்கட்கிழமை போய்த் தூக்கி வந்துவிடுவது என்று அவரிடம் சொன்னேன். அவர் கடைக்குப் போய் ஒரு கொசுவலை வாங்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு முன்னாலேயே நர்ஸ் அக்கா வந்துவிட்டார். வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கொழந்த போயிடுச்சு டீச்சர். நேத்து. எனக்கு லீவு. இப்பதான் தெரிஞ்சது. வாலாஜாபேட்டைப் பக்கத்துலேர்ந்து ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து கேட்டிருக்காங்க. ரெடியா வந்து நிக்கறவங்களை எப்படித் திருப்பி அனுப்பறதுன்னு பெரிய சிஸ்டர் குடுத்துட்டாங்க."

"நல்லவங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"நல்லவங்களாட்டம்தான் இருந்தாங்களாம்."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தார். அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அன்றைக்கும், பிறகும். சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சிநேகிதர் வந்தபோது நாங்கள் மூன்று பேரும் மூன்று மூலையில் இருந்தோம். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பேஜாரு," என்று மட்டும் சொன்னார். அன்று விளையாடவில்லை. அடுத்த சில வாரங்கள் விளையாடிப் பார்த்தோம். அக்கரையில் கப்பல்கள் வந்தன, போயின, தண்ணீர்ச் சண்டை நடந்தது. யாருக்கும் சுரத்தில்லை. அடுத்த வருஷம் சிநேகிதருக்கு ஜெத்தாவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நர்ஸ் அக்கா தன் தங்கையோடு இருக்கப் பாகாயம் போனார். நடுவரும் தீர்ப்பாளரும் மட்டும் இருந்தால் விளையாட்டு இல்லை.

பிறகு வேலூரில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மனு எழுதிக் கொடுத்தோம். ஒரு வருஷம் கழித்து ஒரு அம்மாள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். உங்களுக்கு ஏன் குழந்தை வேண்டும் என்று கேட்டார். என் கணவர்தான், "இவ நல்லா வளப்பா," என்றார். கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கடிதத்தை எதிர்பார்த்தோம். அதன் பிறகு வயது தாண்டிவிட்டது என்றார்கள்.

இப்படியே இரண்டு பேராகவே இருந்துவிட்டோம். கெட்ட வாழ்க்கை என்று சொல்ல மாட்டேன். ஒன்றாக டீ குடித்தோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போனார்கள், அவர் ரிட்டயர் ஆகும் வரை நான் தினமும் அவர் வரும் நேரத்துக்கு வெந்நீர் போட்டு வைத்தேன். ஆனால் வாலாஜாபேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் மட்டும் நான் ஜன்னல் ஓரம் கேட்டு வாங்குவேன். அவரும் ஒன்றும் கேட்காமல் விட்டுக்கொடுப்பார். முதலில் கைக்குழந்தைகளைப் பார்ப்பேன், பிறகு பாவாடை சட்டை, பிறகு தாவணி, பிறகு இடுப்பில் பிள்ளையோடு நிற்கிற பெண்கள். எப்படி அடையாளம் தெரியும்? தெரியாதுதான்.

அப்படி ஒரு தடவை, அவருக்கு நெஞ்சு வலி வந்து வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, அவர் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். வாலாஜாபேட்டை நிறுத்தத்தில் பஸ் ரொம்ப நேரம் நின்றது. வெயில். அவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "அந்த அஞ்சு நாளுல, பேரு எதனா யோசிச்சு வச்சிருந்தியா?" என்று கேட்டார்.

அத்தனை வருஷத்தில் அவர் அதைப் பற்றிக் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"இல்லீங்க," என்றேன்.

யோசித்திருந்தேன். முதல் நாளே, குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போதே வைத்துவிட்டேன். அதை அவரிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம். பஸ் கிளம்பிவிட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார், நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.